ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ: மாசி பங்குனியில் செட்டிநாட்டைச் சுற்றிவர ஒரு முழுமையான வழிகாட்டி

என் அண்ணன் மகன் பாஸ்டனில் இருக்கிறான். அக்டோபர் பிறந்தால் போதும், போனில் படங்களாக வந்து குவியும். மேப்பிள் மரங்கள் தீப்பிடித்தது மாதிரி நிற்கும், நடுவில் ஒரு வெள்ளை மரவீடு, வாசலில் பூசணிக்காய். "ஃபால் கலர்ஸ் பாக்க ஒரு தடவை வாங்க சித்தப்பா" என்பான். ஒரு மாசி மாதம் பதிலுக்கு நானும் ஒரு படம் அனுப்பினேன். கோட்டையூர் போகிற ரோட்டில் ஒரு வீட்டுக் காம்பவுண்டுக்குள் நிற்கும் பாதாம் மரம். நுனி முதல் அடி வரை செக்கச்செவேல் என்று இருந்தது. "இது எந்த ஊர்?" என்று கேட்டான். "நீ பொறந்த ஊர்தான்டா" என்றேன். அவன் நம்பவில்லை.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் வீடு பார்க்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், ஆத்தங்குடித் தரைக்கல் வாங்குகிறார்கள், போய்விடுகிறார்கள். தலையைத் தூக்கி மரத்தைப் பார்க்கிறவர்கள் குறைவு. இங்கேயும் இலை நிறம் மாறும், உதிரும். அதைப் பார்க்கவே மூன்று நாள் ஒதுக்கி வரலாம். அமெரிக்காவின் வெர்மான்ட் மலைச்சரிவு மாதிரி காடே சிவந்து நிற்கும் என்று மட்டும் நினைத்து வராதீர்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற கணக்கில் வாருங்கள். அந்த இலுப்பைப்பூவை நிஜமாகவே இங்கே பார்க்கலாம், வாயிலும் போடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்

நம் முன்னோர் வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தார்கள்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இந்த ஆறில் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. பள்ளிக்கூடப் புத்தகம் வழியாக வந்த சொல் அது. அதனால் செப்டம்பர், அக்டோபர் என்றே மனதில் பதிந்து போயிருக்கிறது. அந்த மாதங்களில் செட்டிநாட்டுக்கு வந்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய புழுக்கமோ, மழையோதான் கிடைக்கும். மரமெல்லாம் பச்சையாக இருக்கும்.

குளிர்நாட்டில் பகல் குறைந்து குளிர் ஏறும்போது மரம் பச்சையத்தைத் தயாரிப்பதை நிறுத்துகிறது. இருக்கிற பச்சையமும் சிதைந்து போக, அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சில மரங்கள் புதிதாகச் சிவப்பு நிறமியை வேறு உண்டாக்குகின்றன. நம் ஊரில் மரத்துக்குக் குளிர் பிரச்சினை இல்லை, தண்ணீர்தான் பிரச்சினை. மழை நின்று, தை போய், செம்மண் காய ஆரம்பித்ததும் இலை வழியாகப் போகிற ஈரத்தை மிச்சம் பிடிக்க மரம் இலையைக் கழற்றிப் போடுகிறது. ஆகவே நமக்கு இலையுதிர் காலம் பின்பனிக் காலம்தான். மாசியும் பங்குனியும்.

இன்னொரு பெரிய வித்தியாசமும் உண்டு. அங்கே இலை உதிர்ந்தால் மரம் மாதக்கணக்கில் மொட்டையாக நிற்கும். இங்கே அரசும் வேம்பும் பத்துப் பதினைந்து நாளில் கொழுந்து விட்டுவிடும். அந்தக் கொழுந்துதான் நம் ஊர் நிறம். செம்பு, இளஞ்சிவப்பு, தேன் நிறம் என்று ஒவ்வொரு மரத்துக்கும் ஒன்று. பிஞ்சு இலையில் இருக்கும் சிவப்பு நிறமி வெயிலிலிருந்து அதைக் காப்பதாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு நிறம் இலை சாகும்போது வருகிறது. நமக்குப் பெரும்பாலும் பிறக்கும்போது வருகிறது.

எப்போது போவது

எங்கே போவது என்பதை அப்புறம் பார்க்கலாம். இந்தப் பயணத்தில் தேதிதான் முக்கால்வாசி வேலை.

தை கடைசியிலிருந்து மாசி முதல் வாரம் வரை பாதாம் மரம் சிவக்கும். நாட்டுவாதுமை என்று எழுத்தில் சொல்வது இதைத்தான். நம் ஊர்களில் உதிர்வதற்கு முன் வெளிநாட்டு மரம் போல முழுசாகச் சிவக்கிற மரம் இது ஒன்றுதான் என்பேன். வாகை மொட்டையாகி, வெளுத்த நெற்றுகளோடு நிற்கும். காற்றடித்தால் அந்த நெற்றுகள் சலசலக்கும். ஒதியமரத்தில் இலையே இருக்காது.

மாசி நடுவில் வேம்பிலும் அரசிலும் இலை பழுக்க ஆரம்பிக்கும். ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரங்கள் கொட்டும். கல்யாண முருங்கை ஒரு இலை இல்லாமல் கிளை நுனியில் ரத்தச் சிவப்பாகப் பூத்திருக்கும்.

பங்குனி முதல் பத்து நாள், அதாவது மார்ச் 14, 15 தொடங்கி 25 வரை, என் தேர்வு. வேப்பங்கொழுந்து செம்பு நிறத்தில் வந்திருக்கும். அரசங்கொழுந்து மினுங்கும். புங்கம் பழசைக் கொட்டிவிட்டு எண்ணெய் தடவியது மாதிரி இளம்பச்சையில் பளபளக்கும். இலுப்பை சிவந்த தளிரும் பூவுமாக நிற்கும். எல்லாம் ஒரே சமயத்தில் கிடைக்கிற காலம் இது.

பங்குனி கடைசிக்குத் தள்ளிவிட்டால் வேப்பம்பூ உண்டு, கொன்றை மஞ்சள் தொடங்கியிருக்கும். ஆனால் வெயில் பகலில் நடக்க விடாது. நான் முதல் தடவை சென்னை நண்பர்களைக் கூட்டிப் போனது சித்திரை இரண்டாம் வாரம். எல்லா மரமும் சமர்த்தாகப் பச்சையாகிவிட்டிருந்தது. இரண்டு நாள் முழுக்க இளநீர் குடித்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இந்தத் தேதிகள் வருஷத்துக்கு வருஷம் நகரும். ஐப்பசி கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்து கண்மாயில் தண்ணீர் கிடந்தால் உதிர்வது பத்து நாள் வரை தள்ளிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். மழை பொய்த்த வருஷம் முன்னாலேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் எந்த வாரம் எந்த மாவட்டம் சிவக்கும் என்று வரைபடமே போட்டு விடுகிறார்கள். ஜப்பானிலும் அப்படித்தான். நமக்கு வரைபடம் இல்லை. வாசல் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது போதும். தங்கப் போகிற இடத்துக்கு பிப்ரவரி கடைசியில் ஒரு போன் போட்டு, மேனேஜரிடம் கேட்காமல் வாட்ச்மேனிடமோ கூட்டிப் பெருக்கும் அக்காவிடமோ கொடுக்கச் சொல்லுங்கள். "வேம்பு கொட்டிருச்சாக்கா?" என்று கேளுங்கள். "கொட்டுதா? காலைல ஒரு கூடை, சாயங்காலம் ஒரு கூடை அள்றேன், இடுப்பு போகுது" என்று பதில் வந்தால் அடுத்த பத்து நாளில் கிளம்பலாம். "இன்னும் பழுக்கவே ஆரம்பிக்கலையே" என்றால் இரண்டு வாரம் பொறுங்கள்.

கூட்டத்துக்கும் ஒரு பஞ்சாங்கம்

மாசி பங்குனி திருவிழா மாதங்களும் கூட. தெரியாமல் வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள். தெரிந்து வந்தால் அதுவே கூடுதல் லாபம்.

மகா சிவராத்திரிக்கு வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் குலதெய்வம் கும்பிட ஊர் திரும்புவார்கள். பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது, லாட்ஜில் ரூம் இருக்காது. மாசி மகத்தையொட்டித் திருக்கோஷ்டியூர் தெப்பத்தில் குளக்கரை முழுக்க விளக்கு வைப்பார்கள். வேண்டுதல் வைப்பவர்கள் அங்கிருந்து ஒரு விளக்கை வீட்டுக்கு எடுத்துப்போய், நிறைவேறியதும் அடுத்த வருஷம் திரும்பக் கொண்டுவருவார்கள். பார்க்க வேண்டிய காட்சி, ஆனால் கூட்டமும் அப்படித்தான். காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவில் பால்குடத்தன்று ஊருக்குள் கார் ஓட்டுவதை மறந்துவிடுங்கள். பங்குனி உத்திரத்தன்று குன்றக்குடிப் பக்கம் போவதாக இருந்தால் நடந்துதான் போக வேண்டும். சங்கடஹர சதுர்த்தியன்று பிள்ளையார்பட்டி வேண்டாம்.

ஒன்றை மட்டும் தேடிப் போகச் சொல்வேன். பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் அடங்கிய இடமாக வணங்கப்படும் கோயிலில் விழா நடக்கும். காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா அதே நாட்களை ஒட்டித்தான் வரும். பகலெல்லாம் மரம், சாயங்காலம் தமிழ் என்று அமைத்துக்கொள்ளலாம். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வருஷத்தை விட்டுவிடுங்கள். பரீட்சையும் இதே மார்ச்சில்தான்.

டிக்கெட், தங்குமிடம், வண்டி

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மார்ச் நடுவில் பயணம் என்றால் பொங்கல் கழிந்த கையோடு போட்டுவிடலாம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் சௌகரியம். பிற்பகலில் எழும்பூரில் ஏறினால் ராத்திரி காரைக்குடி. ராமேஸ்வரம் போகிற இரவு வண்டிகளும் உண்டு. அதில் வந்தால் விடியும் முன்பே இறங்கிவிடலாம். மதுரை, திருச்சி இரண்டும் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், அடிக்கடி பஸ்.

தங்குவதற்கு இரண்டு வழி. காரைக்குடியில் லாட்ஜ், அல்லது கானாடுகாத்தான், கோத்தமங்கலம், கடியாபட்டிப் பக்கம் தங்குமிடமாக மாற்றிய பழைய வீடுகள். முதலாவது சிக்கனம். இரண்டாவது செலவு அதிகம், ஆனால் விடிகாலையில் கதவைத் திறந்தால் வாசலிலேயே மரம் இருக்கும். மூன்று இரவில் ஒன்றையாவது அங்கே வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது, வீட்டுக்காரர் குடும்பத்தில் அந்தத் தேதியில் படைப்போ (முன்னோருக்குப் படையல் வைக்கும் குடும்ப விழா) கல்யாணமோ இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் ஒரு தடவை பணம் கட்டி வந்து இறங்கினால், வளவு என்கிற உள்முற்றம் முழுக்கப் பங்காளிகள் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ரூம் இல்லை என்று கை விரித்துவிட்டார்கள். சாப்பாடு மட்டும் போட்டார்கள். அதுவும் நல்ல சாப்பாடு, கோபப்படக்கூட முடியவில்லை.

கார் வைத்தால் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். இன்னொன்றும் சொல்லிவைக்க வேண்டும்: "அண்ணே, நாங்க நெனச்ச எடத்துல நிறுத்தச் சொல்லுவோம்." இதைச் சொல்லாவிட்டால் ஒவ்வொரு மரத்துக்கும் அவர் முகம் மாறும். ஆள் கம்மி என்றால் டவுன் பஸ்ஸே போதும், பெண்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் டிக்கெட்டும் கிடையாது. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஈடு காரில் வராது.

ஒரு நாளை எப்படிப் பிரிப்பது

கோயில்கள் பெரும்பாலும் மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்குள் நடை சாத்திவிட்டு நாலு மணிக்குத் திறப்பார்கள். வெயிலும் அதே கணக்குதான். காலை ஆறேகாலிலிருந்து ஒன்பது வரை மரத்துக்கு. ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை கோயில் அல்லது வீடு. அப்புறம் சாப்பாடு, தூக்கம். வெட்கப்படாமல் தூங்குங்கள். நாலரைக்கு மறுபடி கிளம்பினால் ஆறரை வரை வெளிச்சம். பங்குனி நடுப்பகலில் 36, 37 டிகிரிக்குப் போகும். கோயில் வெளிப்பிராகாரத்துக் கருங்கல் பதினொரு மணிக்கே காலைச் சுட்டுவிடும்.

கொழுந்தைப் பார்ப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்த்தால் வெறும் பழுப்பு. மரத்தை நடுவில் வைத்து, சூரியன் அந்தப் பக்கம் இருக்கும்படி நின்று பாருங்கள். அரசங்கொழுந்து ஒவ்வொன்றும் நரம்பு தெரிய, உள்ளே விளக்கு வைத்தது மாதிரி எரியும். போனில் படம் எடுக்கவும் இந்தப் பக்கம்தான் சரி.

முதல் நாள்: மேற்கே, மலையும் கோயிலும்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் ரோடு. குன்றக்குடிக்கு ஏழு மணிக்குள் போய்விடுங்கள். படி ஏறி மேலே நின்றால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். எந்தத் திட்டு பச்சை, எது மொட்டை, எது செம்பு என்று ஒரு கணக்கு மனதில் விழும். பளபளக்காத சாம்பல் பச்சையில் வரிசையாக நிற்பது தைல மரம். அது எந்தக் காலத்திலும் மாறாது. மயில் சத்தம் உறுதி.

அங்கிருந்து பிள்ளையார்பட்டி பக்கம்தான். குடைவரைக்குள் இருக்கும் கற்பக விநாயகரைத் தெரியாதவர்கள் இல்லை. கோயிலின் தலமரம் மருது, ஊரின் பழைய பெயர்களில் ஒன்று மருதங்குடி. அடுத்து வைரவன்பட்டி. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கோயில்கள் ஒன்பதில் இவை இரண்டு. மற்றவை இளையாத்தங்குடி, மாத்தூர், இரணியூர், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, நேமம். ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், இரண்டு போதும்.

சாயங்காலம் திருக்கோஷ்டியூர். ராமானுஜர் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் கேட்கும்படி எட்டெழுத்து மந்திரத்தைச் சொன்னதாகச் சொல்லும் ஊர். கண்மாயில் தண்ணீர் இருக்கும் வருஷம் என்றால், இன்னொரு நாள் காலையில் மதுரை ரோட்டில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கும் போய் வரலாம். கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாதவர்கள். பங்குனியில் கூட்டம் கலைய ஆரம்பித்திருக்கும், மிச்சம் இருப்பதைப் பார்க்கலாம்.

வழியில் ஒரு இடத்தில் கட்டாயம் இறங்குங்கள். எந்த இடம் என்று சொல்ல முடியாது, புளி உடைக்கும் இடம் எதுவானாலும் சரி. மாசி பங்குனிதான் புளி உலுக்கும் மாதம். ரோட்டுப் புளியமரங்களை ஏலம் எடுத்தவர்கள் ஆள் விட்டு உலுக்குவார்கள். நிழலில் சாக்கை விரித்து நாலைந்து பெண்கள் உட்கார்ந்து, ஓட்டைத் தட்டி, நரம்பை ஒரே இழுப்பில் உருவி, கொட்டையைத் தனியே எறிவார்கள். கை பேச்சுக்கு நிற்காது. ஓடு ஒரு குவியல், கொட்டை ஒரு குவியல், பழம் ஒரு குவியல். புதுப்புளியின் நிறம் கரும்பழுப்பு இல்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. வெட்டிய பலாக்கட்டைக்குப் பக்கத்தில் வருகிற ஒரு செந்தேன் நிறம் அது. கிலோ கணக்கில் அங்கேயே வாங்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவிடுங்கள்.

இரண்டாம் நாள்: வடக்கே, வீடுகளும் ஊருணிகளும்

கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், அங்கிருந்து ஒரு பக்கம் ஆத்தங்குடி, இன்னொரு பக்கம் கடியாபட்டி, திருமயம். செட்டிநாட்டுக்கு முன்பு 96 ஊர்கள் என்று சொல்வார்கள், இப்போது எழுபது சொச்சம். அதில் ஏழெட்டைத்தான் தொடப்போகிறோம்.

மரம் பார்க்க இந்த ஊர்களில் முதலில் போக வேண்டிய இடம் ஊருணி. நாலு பக்கமும் செம்புறாங்கல் படி கட்டிய குடிநீர்க் குளம். கரையில் அரசோ ஆலோ வேம்போ இல்லாத ஊருணி அபூர்வம். வீடுகளின் ஓட்டில் விழுகிற மழையையும் ஊரில் ஓடுகிற தண்ணீரையும் சேர்த்து வைக்கத் திட்டமிட்ட ஊர்கள் இவை. பங்குனியில் தண்ணீர் படி படியாக இறங்கியிருக்கும். அந்தப் படிகளில் பழுத்த அரசிலை ஒன்றிரண்டு ஒட்டிக் கிடக்கும், மேலே கொழுந்து, கீழே தண்ணீரில் அதே கொழுந்து. காலை ஏழு மணிக்கு முன்னால் காற்று எழும்பாது. அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

அப்புறம் தெரு. பல வீடுகளுக்கு ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். பின்பக்கத் தெருவில் நடங்கள். முகப்பு வேலைப்பாடெல்லாம் முன்னால் இருக்கும், மரமெல்லாம் பின்கட்டில் இருக்கும். மதிலுக்கு மேலே வேம்பு கொழுந்து விட்டு எட்டிப் பார்க்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் கூட்ட ஆள் இல்லாததால் வளவு முற்றம் முழுக்க இலை கணுக்கால் உயரம் கிடக்கும். கதவிடுக்கில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன்: பர்மா தேக்குத் தூண்கள், தரையில் பூப்போட்ட கல், அதன் மேல் மஞ்சள் வேப்பிலை, இலை மேல் ஒரு அணில். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பூட்டிய வீட்டின் மதிலேறிப் படம் எடுக்க நினைக்காதீர்கள். திறந்த வீடு என்றாலும் வாசலில் நின்று "ஆச்சி, உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். கேட்டால் பல வீடுகளில் மோர் கூடக் கிடைக்கும்.

கானாடுகாத்தானில் ராஜா அண்ணாமலை செட்டியார் கட்டி 1912-இல் முடித்த அரண்மனையை வெளியிலிருந்து பார்ப்பதோடு திருப்தி அடையுங்கள். ஆத்தங்குடிப் பெரிய வீட்டைக் கட்டணம் கொடுத்து உள்ளே போய்ப் பார்க்கலாம். கல் வார்க்கும் பட்டறையில் ஒரு அரை மணி நேரம். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கரண்டியால் சாயம் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் கொட்டி, தண்ணீரில் ஊற வைத்து எடுப்பார்கள். சுடுவதே இல்லை. பளபளப்பு வருவது அந்தக் கண்ணாடியிலிருந்துதான்.

சாயங்காலம் திருமயம் கோட்டை. 1687-இல் சேதுபதிகள் கட்டியது. பாறையின் உச்சிக்குப் போனால் நேற்று குன்றக்குடியில் பார்த்த அதே நிலம் சாய்ந்த வெயிலில் வேறாகத் தெரியும். புளியின் அடர்பச்சைக்கு நடுவே செம்புத் திட்டு இருந்தால் அது வேம்பு, வெறும் குச்சியாக நின்றால் ஒதியம். டிக்கெட் நேரம் முடிவதற்குள் போய்விடுங்கள். பாறையடியில் குடைவரைச் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

சாப்பாடு பற்றிக் கொஞ்சம்

நீட்டினால் இது வேறு கட்டுரையாகிவிடும். மெஸ்ஸில் கோழி, நண்டு எல்லாம் எப்போது வந்தாலும் கிடைக்கும். பங்குனிக்கு உரியதைக் கேளுங்கள். மாங்காய் வந்திருக்கும், அரிசி கழுவிய தண்ணீரில் செய்கிற மாங்காய் மண்டி கேளுங்கள். வேப்பம்பூ ரசம் சில வீடுகளில் மட்டும் கிடைக்கும். பூ உதிரத் தொடங்கியதும் மரத்தடியில் வெள்ளை வேட்டியை விரித்து விடிய விடிய விழுந்ததைச் சேர்த்து உலர்த்துவார்கள். காலைக்கு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும். கவுனி அரிசியை ஒரு நாளாவது. முறுக்கு, மனகோலம், தேன்குழல் எல்லாம் ஊர் திரும்பும் அன்றைக்கு வாங்கினால் போதும், முதல் நாளே வாங்கினால் வண்டியிலேயே தீர்ந்துவிடும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய செருப்பு, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கோயிலுக்கு வேட்டி அல்லது சேலை, சில்லறை. காதில் வைக்கிற பாட்டு மெஷின் வேண்டாம், வாகை நெற்று கேட்காது.

ஐயனார் கோயில் காட்டுக்குள் போனால் செருப்பை எல்லையிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது, விழுந்த விறகைக்கூட எடுக்க மாட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டால்தான் இந்தச் செம்மண் பூமியில் கிழட்டு மரங்கள் மிஞ்சியிருக்கின்றன. எல்லாக் காடும் எல்லாருக்கும் எல்லா நாளும் திறந்திருக்காது. முதலில் ஊருக்குள் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூன்றாம் நாள்: தெற்கே, இலுப்பைக்கு

அரியக்குடி, மாத்தூர், இலுப்பைக்குடி மூன்றும் காரைக்குடிக்குக் கூப்பிடு தூரம். தேவகோட்டை இன்னும் தெற்கே. நேரம் இருந்தால் நாட்டரசன்கோட்டை. ஆனால் இந்த நாளின் முக்கியமான வேலை கோயில் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடும்.

இலுப்பையைப் பகலில் போய்ப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று சொன்னவர்கள் பலர். சிவந்த தளிர் அழகுதான், ஆனால் பூ அதற்குள் தீர்ந்திருக்கும். ராத்திரி முழுக்க வௌவால்கள் வந்து போகும். விடிகிற நேரத்தில் பூ தானாகக் கழன்று விழும். முதல் நாளே ஊரில் விசாரித்து மரத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் இலுப்பை இருப்பதால் ஊரில் இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். பழைய கோயில் நந்தவனம், கண்மாய்க்கரை, ஐயனார் கோயில் இந்த மூன்று இடத்தில்தான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. ஒரு காலத்தில் கோயில் விளக்குக்கு இலுப்பை எண்ணெய்தான், அதனால் வைத்து வளர்த்தார்கள்.

ஐந்தரைக்கு டார்ச்சோடு போய் மரத்தடியில் உட்காருங்கள். முதலில் வாசனைதான் வரும். நல்ல வாசனை என்று எல்லாரும் சொல்ல மாட்டார்கள், புளித்த வெல்லப்பாகு மாதிரி ஒரு நெடி. அப்புறம் சருகு மேல் டொப், டொப் என்று ஒன்றொன்றாக விழும் சத்தம். கையில் எடுத்தால் பூ மாதிரியே இருக்காது. வெளிறிய மஞ்சளில், சதைப்பற்றாக, ஊதின குட்டி பலூன் மாதிரி குளிர்ந்து இருக்கும். போன வருஷம் அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அப்பத்தா நான் பூவைக் கையில் வைத்து உருட்டுவதைப் பார்த்துவிட்டு, "வாயில போடுங்க தம்பி, ஒண்ணும் செய்யாது. நாலுக்கு மேல தின்னா கிறுகிறுங்கும்" என்றார். ஒன்று போட்டேன். முதலில் இனிப்பு, பிறகு நாக்கில் ஒட்டுகிற ஒரு லேசான கசப்பு. அவர் ஆடுகள் மிச்சத்தைப் பத்து நிமிஷத்தில் சுத்தம் செய்துவிட்டன.

ஏழு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிடும். பல்லவன் காரைக்குடியிலிருந்து அதிகாலையிலேயே கிளம்பிவிடும் வண்டி. ஆகையால் திரும்புவதற்கு அதில் போடாதீர்கள், அன்றைய ராத்திரி வண்டிக்குப் போடுங்கள்.